நான்காவது ஆள்

பாவைக்கு மூன்று பேர்.
தலைக்கும் வலக்கைக்கும் ஒருவர்,
அவர் மட்டும் முகம் காட்டலாம்.
இடக்கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர்,
இருவருக்கும் கறுப்புத் துணியில் முக்காடு.
நான்காவது ஆள் நான்.
போர்த்தோ நகரத்துப் பழைய அரங்கில்
கடைசி வரிசைக்கும் பின்னால், கண்ணாடிக் கூண்டுக்குள்,
ஒற்றைப் பொத்தான்மேல் விரலை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
அழுத்தினால் மேடைக்கு மேலே அடுத்த வரி ஒளிரும்.
அழுத்தாவிட்டால்
எண்ணெய்க்காரன் மனைவி எதற்காக அழுகிறாள் என்று
முந்நூற்று நாற்பது பேருக்குத் தெரியாது.

நான்கு மாதம் மொழிபெயர்த்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
ஒன்றைப் படிக்க இரண்டு விநாடி போதும்.
ஆனால் கதை சொல்லிப் பாடும் குசாகா
அவசரம் என்பதையே அறியாதவர்.
‘படகு’ என்று ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு
அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை நடத்தி வருவார்.
பக்கத்தில் ஷாமிசென் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருக்கும்.
அதற்குள் என் வரியைப் படித்துவிட்டு
ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்,
சோறு வருமுன் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தவர்கள்போல.

ஒத்திகையில் கேட்டேன், இவளுக்குக் கால் எங்கே?
பெண் பாவைகளுக்குக் கால் கிடையாது என்றார் இசோபே.
கால் இயக்குபவர். முப்பத்தொரு வயது.
விமானத்தில் பிடித்த சளி இன்னும் விடவில்லை.
குனிந்து, அங்கியின் ஓரத்துக்குள்
இரண்டு முஷ்டிகளை நுழைத்தார்.
அவள் நடந்தாள்.
மழை நின்ற கல்தரையில் நடப்பவள்போல
ஒரு கணம் தயங்கி, பிறகு நடந்தாள்.

இரண்டாம் நாள், மூன்றாம் காட்சி.
சீப்பை அடகு வைத்துவிட்டுத் துறைக்கு வருகிறாள்.
கடைசிப் படகு போய்விட்டது.
பொத்தானை அழுத்தினேன்.
‘இன்னும் விடியவில்லை’ என்று வந்தது.
மறுபடி அழுத்தினேன்.
இன்னும் விடியவில்லை.
கம்பியைப் பிடுங்கிச் செருகினேன், கெட்ட வார்த்தை சொன்னேன்,
மின்பணியாளர் துவார்த்தேயைத் தேடினேன்,
அவர் வெளியே புகைத்துக்கொண்டிருந்தார்.
பதினோரு நிமிடம்
இன்னும் விடியவில்லை, இன்னும் விடியவில்லை.
என் எழுபத்து மூன்று வரிகள்
பெட்டிக்குள்ளேயே செத்தன.
அதில் ஒன்றுக்காக மூன்று வாரம் தூங்காதவள் நான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால்
ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
தலைகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன,
எழுத்தை விட்டு, அவளிடம்.
கண்ணின் பாவையை எங்கள் போர்த்துகீசியத்தில்
கண்ணின் சிறுமி என்போம்.
எத்தனை சிறுமிகள் அன்றைக்கு அந்த இருட்டில்,
எல்லோரும் அகல விழித்தபடி.
முக்காட்டுக்குள் இசோபே தும்மினார்.
அங்கியின் ஓரம் நடுங்கியது.
முதல் வரிசையில் ஒரு பெரிய மனிதர் மூக்கைச் சிந்தினார்.
அவள் துணியின் நுனியைக் கடித்தாள்.
அவள் வாயோரத்தில் ஊசிமுனை ஒன்று உண்டு,
துணி மாட்டிக்கொள்வதற்கென்றே.
எனக்குத் தெரியும், தொட்டுக்கூடப் பார்த்திருக்கிறேன்.
ஆனாலும் கடித்தாள்.

மறுநாள் பத்திரிகையில்
‘ஒரு காட்சி முழுவதையும் ஒரே வரியில் தந்த
மொழிபெயர்ப்பாளரின் துணிச்சல்’ என்று எழுதியிருந்தார்கள்.
வெட்டி வைத்திருக்கிறேன், குளியலறைச் சுவரில்.

இடக்கைக்காரர் நிஷிகுச்சியை டிராம் நிறுத்தத்தில் பார்த்தேன்.
முக்காடு இல்லாமல் அடையாளம் தெரியவில்லை,
கையை வைத்துக் கண்டுபிடித்தேன்.
(பாவையின் இடக்கையை ஆட்டுவது அவருடைய வலக்கை.)
நேற்று ஒரு இடத்தில் பிந்திவிட்டேன், கவனித்தீர்களா, என்றார்.
இல்லையே, என்றேன்.
நல்லது, என்றார்.
என் வரிகள் நின்றுபோனதைச் சொன்னேன்.
அப்படியா, என்றார்.
டிராம் வந்தது.

மூன்றாம் நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது.
அதே துறை, அதே இருட்டு.
விட்டுவிடலாமா என்று விரல் ஒரு கணம் யோசித்தது.
மூன்று வாரத் தூக்கம், சும்மாவா?
அழுத்தினேன்.
முந்நூற்று நாற்பது தலைகள் நிமிர்ந்தன,
படித்தன, தாழ்ந்தன.
அதற்குள் அவள்
துணியைக் கடித்து முடித்திருந்தாள்.
நான் மட்டும் பார்த்தேன்.